வாலி நின்ற இடத்தில் நின்று பாருங்கள்

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சாமி கும்பிட்டுவிட்டு, கல் சங்கிலியை அண்ணாந்து பார்த்துவிட்டு, நாலு போட்டோவோடு வெளியே வந்துவிடுகிறார்கள். எனக்கு மனசே ஆறாது. இந்தப் பக்கத்தை ஆண்ட கெட்டி முதலிகள் காலத்துச் சிற்பி ஒருத்தன் அங்கே நமக்காக ஒரு விளையாட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறான், அதை ஆடாமல் திரும்பலாமா? கொங்கு நாட்டில் இந்த மாதிரிச் சங்கதிகளைத் தேடிப் பிடிப்பது எப்படி என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

சேலத்திலிருந்து பஸ் உண்டு. காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். உள்ளே போனதும் ராமர் வில்லோடு நிற்கும் தூணையும், வாலி சுக்ரீவன் இருக்கும் தூணையும் தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் கோயிலில் இருப்பவர்களிடம் "ஏனுங்க, வாலி தூண் எதுங்க?" என்று கேட்டால் போதும், கையோடு கூட்டிப்போய்க் காட்டுவார்கள். இப்போது ராமர் பக்கத்தில் போய் நில்லுங்கள். வாலி தெரிவான். அப்புறம் வாலி பக்கம் போய், அவன் நிற்கும் இடத்திலிருந்து ராமரைத் தேடுங்கள். தெரியமாட்டார்.

போன முறை அக்கா மகளைக் கூட்டிப் போயிருந்தேன், மூன்றாவது படிக்கிறாள். வாலியின் தூணில் முதுகைச் சாய்த்து நின்று, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இங்கிருந்து ஆருமே தெரியலீங்க, அப்ப பாவம்தானுங்க அவரு?" என்றாள். மறைந்து நின்று அம்பு விட்டது சரியா என்று கம்பன் வாலி வதைப் படலத்தில் வாலியை நீளமாக வாதாட விடுகிறான், மார்பில் பாய்ந்த அம்பைப் பிடித்திழுத்து அதில் எழுதியிருந்த பெயரைப் படித்த பிறகுதான் எய்தது யாரென்றே வாலிக்குத் தெரியவருகிறது. அத்தனையையும் இந்தச் சிற்பி ரெண்டு தூணுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் சொல்லிவிட்டான். படத்தில் பார்த்தால் இது பிடிபடாது, ரெண்டு தூணையும் தனித்தனியாகத்தான் எடுக்க முடியும். நடந்து போய் நின்றால்தான் உண்டு. அதனால் முதல் பாடம் இதுதான்: சிற்பத்தைப் பார்த்த கையோடு அது பார்க்கும் திசையையும் பாருங்கள்.

அதே கோயிலில் சிங்கத்தின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை இருக்கிறது, உருளும், வெளியே வராது. வெளியில் செய்து உள்ளே போட்டதில்லை, பல்லிடுக்கு வழியாக உளியை விட்டு, உள்ளிருக்கும் கல்லையே கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி உருண்டையாக்கியிருக்கிறார்கள். செல்போன் டார்ச்சை நேராக அடிக்காதீர்கள், எல்லாம் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் பிடித்தால் உளித்தடம் வரை நிழல் விழுந்து தெரியும். எண்ணெய், மஞ்சள், விபூதி எதையும் சிற்பத்தில் தடவாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அவிநாசிக்குப் போனால் முதலை வாயிலிருந்து பிள்ளை வெளியே வரும் சிற்பத்தைப் பாருங்கள். "கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச் சொல்லு காலனையே" என்று சுந்தரர் பாடியதும், வருசக்கணக்கில் முன்னால் விழுங்கப்பட்ட பையன் இடையில் போன வயசையும் சேர்த்து வளர்ந்தே வந்தான் என்பது கதை. அந்தப் பிள்ளையை எந்த வயசில் செதுக்கியிருக்கிறார்கள் என்று பக்கத்தில் போய்ப் பாருங்கள், கூட வந்தவரிடமும் கேளுங்கள். எங்கள் வீட்டில் இன்னும் சண்டை தீரவில்லை.

கோயில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். சேலத்தில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு மட்டும் தனியாக நிற்கிறது. திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர். சுந்தரம் நடத்திய ஸ்டுடியோ. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் இவர்கள் எடுத்தது என்று பலருக்குத் தெரியும். மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' (1938), முதல் வண்ணப் படம் 'கண்டம் பெச்ச கோட்டு' (1961) ரெண்டும் இவர்கள் தயாரிப்புதான் என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் நம்பமாட்டார்கள். 'பாலன்' வந்தபோது கேரளத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஸ்டுடியோவே கிடையாது, சேலத்தில் எல்லா வசதியும் ஒரே வளாகத்தில் இருந்தது. ஒரு மொழியின் சினிமா அடுத்த மொழிக்காரர் ஊரில் பேசத் தொடங்கியதை நினைத்துக்கொண்டு அந்த வளைவுக்குக் கீழே ஒரு நிமிசம் நின்றுவிட்டு வாருங்கள்.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு இன்னும் சுலபம், தெருப்பெயர்ப் பலகையைப் படித்தாலே போதும். வெரைட்டி ஹால் ரோட்டில் தினமும் போகிறோம், அந்த ஹால் எது? ரயில்வேயில் வரைபடம் போடும் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி, ஊர் ஊராகப் படம் காட்டி, கடைசியில் 1914இல் இங்கே கட்டிய சினிமாக் கொட்டகைதான் அது.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இடம், எந்த நேரம் போனோம், யார் சொன்னார்கள், எங்கே நின்று பார்த்தோம் என்று நாலு வரி இருந்தால் போதும். என் நோட்டில் தாரமங்கலம் பக்கத்தில் அக்கா மகள் பென்சிலால் ரெண்டு தூண் வரைந்து, நடுவில் ஒரு கோடு போட்டு, "இங்க நின்னா தெரியாது" என்று எழுதியிருக்கிறாள்.