பழைய சர்வர்ல ரெய்டு ஸ்டோரேஜை பெருசாக்குறது எப்படி

டிஸ்க் ஃபுல் ஆகிட்டே வருது, புது சர்வர் வாங்க இப்போதைக்கு வழியில்ல, சரி டிஸ்க்கை மட்டும் மாத்திடலாம்னு நினைக்கிறவங்களுக்கு இது. ரெய்டுன்னா பல டிஸ்க்கை சேத்து ஒரே ஸ்டோரேஜா காட்டுற முறை, அதுல ரெய்டு 5-னா ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா போகாது, அதுக்காக ஒரு டிஸ்க் அளவு இடம் கழிஞ்சிடும். உதாரணத்துக்கு 1 டிபி டிஸ்க் நாலு வச்ச ரெய்டு 5-னு வச்சுக்கங்க, கையில கிடைக்கிறது 3 டிபி. நாலையும் 2 டிபியா மாத்தினா 6 டிபி வரும், ஆனா கடைசி டிஸ்க்கும் மாறி முடியுற வரைக்கும் ஒரு ஜிபி கூட எக்ஸ்ட்ரா கிடைக்காது.

டிஸ்க் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி கன்ட்ரோலர் (டிஸ்க் எல்லாத்தையும் நிர்வகிக்கிற கார்டு) மாடலை பாருங்க. டெல் சர்வர்ல வர்ற பெர்க் 5, பெர்க் 6, எல்எஸ்ஐ 1068இ சிப் வச்ச கார்டு எல்லாம் 2 டிபிக்கு மேல போகாது, 4 டிபி டிஸ்க் போட்டாலும் முழு சைஸ் தெரியாது, ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணியும் பிரயோஜனம் இல்ல. அதேமாதிரி எஸ்எம்ஆர் டைப் (ட்ராக்கை ஒண்ணு மேல ஒண்ணா நெருக்கி எழுதுற) டிஸ்க் விலை கம்மின்னு வாங்கிடாதீங்க, ரீபில்ட் (புது டிஸ்க்ல டேட்டாவை திரும்ப உருவாக்குறது) அப்போ தொடர்ந்து எழுத எழுத ஸ்பீடு படுத்துடும், சில கன்ட்ரோலர் டிஸ்க்கே செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணி வெளிய தள்ளிடும்.

அடுத்தது பேக்கப். ரெய்டு இருக்கே எதுக்கு பேக்கப்னு கேக்குறவங்க இன்னும் இருக்காங்க. ரெய்டு 5-ல ஒரு டிஸ்க்கை கழட்டின நிமிஷத்துலேர்ந்து ரீபில்ட் முடியுற வரைக்கும் உங்களுக்கு பாதுகாப்பே கிடையாது, அந்த நேரத்துல தான் மிச்சம் இருக்குற வயசான டிஸ்க் எல்லாத்தையும் முதல் செக்டார்லேர்ந்து கடைசி செக்டார் வரைக்கும் படிக்க வைக்கிறோம், அதுவும் திரும்பத் திரும்ப. அதனால ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒரு ஸ்க்ரப் (எல்லா டிஸ்க்கையும் முழுசா படிச்சு சரிபாக்குறது) ஓட்டி ஸ்மார்ட் ரிப்போர்ட்டை (டிஸ்க் தன்னோட நிலைமையை பத்தி குடுக்குற தகவல்) பாருங்க. ரீஅலகேட்டட் செக்டார் (கெட்டுப்போனதால மாத்தப்பட்ட இடம்), பெண்டிங் செக்டார் (படிக்க முடியாம சந்தேகத்துல இருக்குற இடம்) இருக்குற டிஸ்க்கை தான் முதல்ல மாத்தணும், நல்லா இருக்கறதை கடைசிக்கு வச்சுக்கங்க.

கழட்டுறப்போ ஸ்லாட் நம்பரை மட்டும் நம்பாதீங்க. சாஃப்ட்வேர் காட்டுற சீரியல் நம்பரும் டிஸ்க் மேல ஒட்டியிருக்குற சீரியல் நம்பரும் ஒண்ணான்னு பாருங்க, லொகேட் லைட் எரிய வைக்க முடிஞ்சா இன்னும் நல்லது. லினக்ஸ் சாஃப்ட்வேர் ரெய்டா இருந்து ஒரு பே (டிஸ்க் சொருகுற இடம்) காலியா இருந்தா உங்க அதிர்ஷ்டம், புது டிஸ்க்கை ஸ்பேரா சேத்துட்டு லினக்ஸ் ரெய்டை நிர்வகிக்கிற எம்டிஅட்ம் கமாண்ட்ல ரீப்ளேஸ் ஆப்ஷன் குடுங்க, பழைய டிஸ்க் அரேக்குள்ள (ரெய்டுல சேந்த டிஸ்க் தொகுதி) இருக்கும்போதே புதுசுக்கு காப்பி ஆகும், ஒரு டிஸ்க் போனாலும் தாங்குற ரிடன்டன்சி போகாது. நான் எப்பவும் இந்த வழியை தான் சொல்லுவேன். பே இல்லன்னா பழைய டிஸ்க்கை ஃபெயில், ரிமூவ், அப்புறம் புதுசை ஆட், வேற வழியில்ல.

ஒவ்வொரு ரீபில்ட்லயும் பழைய 1 டிபி அளவு தான் எழுதணும், செகண்டுக்கு 100 எம்பி வேகத்துல போனா கிட்டத்தட்ட ரெண்டே முக்கால் மணி நேரம் ஆகும், சர்வர்ல யாராவது வேலை பாத்துட்டு இருந்தா அதுக்கும் மேல. ரொம்ப மெதுவா போனா லினக்ஸ்ல ரெய்டோட மினிமம் ஸ்பீட் லிமிட்டை ஏத்திவிடலாம், டீஃபால்ட் ரொம்ப கம்மியா செகண்டுக்கு 1000 கேபி தான் இருக்கும். ஒரு ரீபில்ட் முழுசா முடிஞ்சு அரே க்ளீன்னு காட்டின அப்புறம் தான் அடுத்த டிஸ்க்ல கை வைக்கணும்.

நாலும் மாறியாச்சு, ஆனா இடத்தோட அளவை காட்டுற டிஎஃப் கமாண்ட் அடிச்சா பழைய சைஸ் தான் காட்டுது. பயப்பட வேண்டாம், வெங்காயம் மாதிரி லேயர் லேயரா இருக்கு, ஒவ்வொண்ணா பெருசாக்கணும். டிஸ்க்ல பார்டிஷன் போட்டிருந்தா புது டிஸ்க்ல அதை முதல்லயே பெருசா போட்டிருக்கணும். அப்புறம் எம்டிஅட்ம்ல க்ரோ குடுத்து சைஸை மேக்ஸ்னு வைங்க, புதுசா வந்த இடத்துக்கு ரீசிங்க் (டிஸ்க் எல்லாத்தையும் ஒத்துப்போக வைக்கிற வேலை) ஓடும். ஹார்டுவேர் கன்ட்ரோலர்னா இந்த வேலை அதோட யுட்டிலிட்டிக்குள்ள இருக்கும். அரேக்கு மேல பழைய வகை எம்பிஆர் பார்டிஷன் டேபிள் இருந்தா அது 2 டிபிக்கு மேல தாண்டாது, புது வகையான ஜிபிடிக்கு மாத்தியே ஆகணும். எல்விஎம் (இடத்தை வால்யூம் வால்யூமா பிரிச்சு குடுக்குற லேயர்) இருந்தா பிவிரீசைஸ் கமாண்ட், அப்புறம் எல்விஎக்ஸ்டெண்ட். கடைசில ஃபைல்சிஸ்டம், இஎக்ஸ்டி4-னா ரீசைஸ்2எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ்னா எக்ஸ்எஃப்எஸ் க்ரோஎஃப்எஸ், ரெண்டையுமே மவுண்ட் ஆகியிருக்கும்போதே பெருசாக்கலாம். எக்ஸ்எஃப்எஸ்ஸை பெருசாக்கினா திரும்ப சின்னதாக்க முடியாது, அதனால எல்லா இடத்தையும் ஒரே வால்யூமுக்கு கொட்டிடாதீங்க. இன்னொண்ணு, ரொம்ப பழைய இஎக்ஸ்டி4-ல 64 பிட் ஆப்ஷன் இல்லாம ஃபார்மட் பண்ணியிருந்தா 16 டிபியோட நின்னுடும்.

கழட்டின பழைய டிஸ்க் நாலையும் ஒண்ணா வச்சு, ஏதாவது ஆனா திரும்ப சொருகிக்கலாம்னு நினைக்காதீங்க. ஒவ்வொண்ணும் வேற வேற நேரத்துல வெளிய வந்தது, ஒண்ணுல இருக்கறதும் இன்னொண்ணுல இருக்கறதும் ஒத்துப்போகாது. புது அரேலேர்ந்து ஒரு ஃபுல் பேக்கப் எடுத்து நாலு ஃபைலை ரீஸ்டோர் பண்ணிப் பாத்துட்டு, அந்த டிஸ்க் எல்லாத்தையும் வைப் பண்ணிடுங்க.