கிட்ஹப் இஷ்யூக்களுக்கு லேபிள் போடுவது எப்படி?

கிட்ஹப் என்பது பலர் சேர்ந்து மென்பொருள் எழுதும் இணையதளம். அங்கே ஒரு புராஜெக்ட் கொஞ்சம் வளர்ந்ததுமே இஷ்யூக்கள், அதாவது கவனிக்க வேண்டியவை பற்றிய பதிவுகள், குவியத் தொடங்கிவிடும். பிழை, புது வசதி, சந்தேகம் எல்லாம் ஒரே வரிசையில் கிடக்கும். இன்று எதைக் கையில் எடுப்பது என்றே தெரியாது. இஷ்யூவை வகைப்படுத்த அதன்மேல் ஒட்டும் சீட்டான லேபிள் இருப்பது அதற்குத்தான்.

படி 1: இருப்பதைப் பாருங்கள்

ரெப்போவில் (புராஜெக்ட்டின் கோப்புகள் இருக்கும் இடம்) இஷ்யூஸ் டேபைத் திறந்து, லேபிள்ஸ் பட்டனை அழுத்துங்கள். பக் (பிழை), என்ஹான்ஸ்மென்ட் (புது வசதி), டாக்குமென்டேஷன் (ஆவணம்), கொஸ்டின் (சந்தேகம்) முதலிய 9 லேபிள்கள் தாமாகவே வந்திருக்கும். இஷ்யூ எந்த வகை என்பதை இவை சொல்லும். எவ்வளவு அவசரம் என்பதைச் சொல்ல இவற்றில் ஒன்றுகூட இல்லை.

படி 2: அவசரத்துக்குத் தனி லேபிள்

நியூ லேபிள் கொடுத்து மூன்றே மூன்று உருவாக்குங்கள்: முன்னுரிமை/உடனே, முன்னுரிமை/அடுத்து, முன்னுரிமை/பிறகு. முன்னொட்டு ஒன்றாக இருப்பதால் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும். பல கணினிகளில் செயலிகளை இயக்கி நிர்வகிக்கும் மென்பொருளான குபெர்னெட்டிஸ் போன்ற பெரிய புராஜெக்ட்டிலும் வகைக்கு ஒரு முன்னொட்டு, முன்னுரிமைக்கு வேறொரு முன்னொட்டு என்றுதான் வைத்திருக்கிறார்கள்.

விளக்கப் பெட்டியைத் தயவுசெய்து காலியாக விடாதீர்கள். பலரும் தாண்டிப் போகும் இடம் இது. என்னைக் கேட்டால் மிக முக்கியமான இடமும் இதுதான். ‘உடனே’ என்பதற்கு "தரவு அழிகிறது, அல்லது யாராலும் லாகின் செய்ய முடியவில்லை" என்று எழுதிவிட்டால், ஆளாளுக்கு ஒரு அவசரம் சொல்ல முடியாது.

படி 3: ஒட்டுங்கள்

ஒரு பில் போடும் செயலி என்று வைத்துக்கொள்வோம். "வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் எழுதினால் பிடிஎஃப்பில் கட்டம் கட்டமாக வருகிறது" என்று ஒருவர் இஷ்யூ திறக்கிறார். வகை பக், அதில் சந்தேகமில்லை. முன்னுரிமை? தரவு பத்திரமாக இருக்கிறது, ஆனால் அந்த பில்லை யாரிடமும் கொடுக்க முடியாது. எனவே ‘அடுத்து’. இஷ்யூவின் வலது பக்கம் உள்ள லேபிள்ஸ் பகுதியில் இரண்டையும் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது.

ஒரே இஷ்யூவுக்கு ‘உடனே’, ‘பிறகு’ இரண்டையும் போட்டாலும் கிட்ஹப் தடுக்காது. அதை நாம்தான் கவனிக்க வேண்டும்.

படி 4: வடிகட்டுங்கள்

இஷ்யூஸ் பக்கத்தில் உள்ள லேபிள்ஸ் ஃபில்டரில் ‘உடனே’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இன்றைய வேலை கண்முன் வந்துவிடும். தேடல் பெட்டியில் no:label என்று எழுதியும் வடிகட்டலாம். இன்னும் யாரும் லேபிள் போடாத இஷ்யூக்களை அது காட்டும். வாரம் ஒருமுறையாவது அதைத் திறந்து பாருங்கள். தேர்ந்தெடுத்த ஃபில்டர் முகவரியிலேயே பதிவாகிவிடுவதால் புக்மார்க் செய்துகொள்ளலாம்.

அப்புறம், லேபிளின் பெயர் பிடிக்கவில்லை என்றால் அதை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்காதீர்கள். அழித்தால் எல்லா இஷ்யூக்களிலிருந்தும் அது போய்விடும். எடிட் கொடுத்துப் பெயரை மாற்றினால் போதும், ஒட்டிய இடங்களிலெல்லாம் புதுப் பெயர் தானாக வந்துவிடும்.