தண்ணீரைக் கடக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்னால் போன வண்டி தாண்டிவிட்டது, அப்படியே பின்னால் போய்விடலாம் என்று நினைப்பதுதான் பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு. அந்த வண்டியின் உயரம் வேறு, என்ஜின் காற்றை இழுக்கும் இடம் வேறு. போதாததற்கு, அதன் சக்கரங்கள் அடியில் இருந்த மணலைக் கிளறிப் பள்ளமாக்கியிருக்கும்.

உங்கள் வண்டி எவ்வளவு ஆழம் தாங்கும் என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். மஹிந்திரா தாருக்கு 650 மி.மீ., சுசுகி ஜிம்னிக்கு 300 மி.மீ. பார்க்க ஒரே ரகம்போல இருந்தாலும் பாதிக்கு மேல் வித்தியாசம். அதோடு, அந்த அளவை ஓடாத தண்ணீருக்கானது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடும் தண்ணீர் முற்றிலும் வேறு கணக்கு. 15 செ.மீ. வேகமான நீரே ஆளைச் சாய்த்துவிடும். 30 செ.மீ. சிறிய காரை நகர்த்தும், 60 செ.மீ. பெரிய எஸ்யூவியையே இழுத்துப் போகும். இரண்டு டன் வண்டி எப்படி நகரும் என்று கேட்கலாம். கேபின் தரை 2.5 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம் என்று வையுங்கள். கதவு ரப்பர்கள் தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கும்வரை, நீர்மட்டம் தரைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் ஏறக்குறைய 375 கிலோ எடை சக்கரங்களிலிருந்து குறைகிறது. டயர் தரையைப் பிடிக்காவிட்டால் நாலு சக்கரமும் சுழன்று என்ன பயன்? நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால், அது பக்கவாட்டில் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால் நடந்து கடக்க முடியாத இடத்தில் வண்டியை இறக்கவே கூடாது. இதில் மட்டும் எந்த விதிவிலக்கும் வேண்டாம். பாதுகாப்பாக இறங்க முடிகிற தண்ணீர் என்றால், கையில் கம்போடு நடந்து பார்த்து, பாறை, பள்ளம், சேறு எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். எதிர்க்கரையில் ஏறும் இடத்தையும் பாருங்கள். பலர் அங்கேதான் வழுக்கி நிற்கிறார்கள்.

தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு பாய்வது படத்துக்கு நன்றாக இருக்கும், என்ஜினுக்கு ஆகாது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் போதிய அளவு நீர் புகுந்தால் பிஸ்டன் மேலே வர முடியாமல், அதைத் தாங்கும் கனெக்டிங் ராட் என்ற தண்டு வளைந்துவிடும். லோ ரேஞ்சில் (வேகம் குறைந்து இழுவை கூடும் 4x4 நிலை) முதல் அல்லது இரண்டாம் கியர் போட்டு, மெதுவாக இறங்கி, வேகமாக நடக்கும் அளவில் சீராகப் போங்கள். முன்னால் ஒரு சிற்றலை உருவாகும். அதன் பின்னால் என்ஜின் பகுதியில் நீர்மட்டம் சற்றுத் தாழும். நடுவில் தயங்கினால் அந்த அலை கலைந்துவிடும். தண்ணீருக்குள் கிளட்சை மிதித்துக் கியர் மாற்றுவதும் வேண்டாம்.

ஸ்னார்கெல் என்ற உயரமான காற்றுக்குழாயைப் பொருத்தினால் எதையும் தாண்டலாம் என்று நம்புகிறவர்களைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. என்ஜின் மேலிருந்து காற்றை இழுக்க அது உதவும், அவ்வளவுதான். மிதப்பதையோ அடித்துச் செல்லப்படுவதையோ அது தடுக்காது. இணைப்புகள் சரியாக அடைபடவில்லை என்றால் அந்த உதவியும் இல்லை.

இறங்கும் முன்பே ஜன்னல்களைத் திறந்து, கதவுப் பூட்டை எடுத்துவிடுங்கள். மின்சாரம் போனால் பவர் விண்டோ இறங்காது. சிக்கிய வண்டியை இழுக்க உதவும் ரெக்கவரி ஸ்ட்ராப்பைக் (பட்டை) கரையிலேயே மாட்டிவிடுவது நல்லது. மூழ்கிய கொக்கியைத் தேடித் துழாவுவது ஆபத்தான வேலை.

நடுவில் என்ஜின் நின்றுவிட்டதா? மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் உள்ளே போயிருந்தால், சாவியைத் திருப்பும் அந்த ஒரு நொடியில் என்ஜின் உடையலாம். முதலில் ஆட்கள் பத்திரமாக வெளியேறட்டும். வண்டியை இழுத்து வெளியே எடுத்து, ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

பலரும் கவனிக்காத ஒன்று, சூடான டிஃபரன்ஷியல், அதாவது அச்சில் இருந்து இரு பக்கச் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி. நெடுந்தூரம் ஓடி வந்த கையோடு குளிர்ந்த நீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள். அதற்குக் காற்று போய்வரும் பிரீதர் குழாயை உயரமாக நீட்டி வைத்தால் இன்னும் நல்லது.

அப்புறம், கரையேறியதும் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாக நாலைந்து முறை அழுத்தி உலர்த்துங்கள். டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ் ஆயிலை அடுத்த ஓட்டத்துக்கு முன்பே பாருங்கள். பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் உடனே மாற்ற வேண்டும்.