தேநீரைக் கைவிடாமல் பொய்ப்பற்களைப் பேணுவது எப்படி?

அம்மாவுக்கு மேல்வரிசை முழுவதும் பொய்ப்பல். விடிந்ததும் ஒரு துண்டுப் பனங்கட்டியைக் கடித்தபடி ஒரு பேணி பிளேன்ரீ குடிக்காவிட்டால், கிளிநொச்சியில் உள்ள எங்கள் வீட்டில் அவருடைய நாள் தொடங்காது. பல் கட்டிய முதல் ஆண்டிலேயே முன்பற்களின் இடுக்குகளில் மண்ணிறக் கோடுகள் விழுந்துவிட்டன. அவற்றைப் போக்கலாம் என்று எண்ணி, ஒருநாள் கேத்திலில் கொதித்த நீரை அப்படியே பல்லின் மேல் ஊற்றிவிட்டார். கறை போகவில்லை, தட்டு வளைந்து, அதன் பிறகு அண்ணத்தில் பொருந்தவே இல்லை. புதிதாகப் பல் கட்டியவர்கள் பானங்களுக்கு அஞ்சுகிற அளவுக்குக் கழுவும் முறைக்கு அஞ்சுவதில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

முதற்படி: பல்லைக் கழற்றி, வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். பெரும்பாலான பொய்ப்பற்களும் அவற்றைத் தாங்கும் இளஞ்சிவப்புத் தட்டும் அக்கிரிலிக் என்னும் பிளாத்திக்கினால் ஆனவை. பல்லும் தட்டும் சேரும் விளிம்பில்தான் தேநீர்க் கறை முதலில் தெரியும். பளபளப்பான இடத்தில் இருக்கும் கறை மேலோட்டமானது. மங்கிச் சொரசொரப்பான இடத்தில் இருப்பது கீறல்களுக்குள் இறங்கியது.

இரண்டாம் படி: பற்பசையை ஒதுக்குங்கள். இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது என்று நான் கருதுகிறேன். பற்பசையில் உள்ள தேய்க்கும் துகள்கள் இயற்கைப் பல்லின் மிளிரிக்கு, அதாவது பல்லின் கடினமான வெளிப்படைக்கு (எனாமல்) ஏற்றவை. அக்கிரிலிக் அதைவிட மிகவும் மென்மையானது என்பதால், அதே துகள்கள் அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்க, நாளை குடிக்கும் தேநீரின் சாயம் அவற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. உமிக்கரி, சாம்பல், உப்பு ஆகியவற்றால் பல் துலக்கிப் பழகிய நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். மென்மையான பிரஷ், ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம், சாதாரண நீர் ஆகிய மூன்றும் போதும். கை தவறினாலும் உடையாமல் இருக்க, கீழே ஒரு சட்டியில் பாதி நீர் வைத்துக்கொண்டு கழுவுங்கள்.

மூன்றாம் படி: குடிக்கும் பழக்கத்தைச் சற்று மாற்றுங்கள். பிளேன்ரீயின் சாயத்துக்குக் காரணம் அதில் உள்ள தனின்கள். பாலின் புரதம் அவற்றைப் பிடித்துக்கொள்வதால், பால் சேர்த்த தேநீர் குறைவாகவே கறைப்படுத்தும். ஒரு பேணித் தேநீரை ஒரு மணித்தியாலம் வைத்து உறிஞ்சாமல் ஒரே இருப்பில் குடித்து முடித்து, உடனே ஒரு வாய் நீரால் கொப்பளியுங்கள். குடிக்கும் சூட்டில் தட்டு வளையாது. ஆனால் அண்ணம் மூடப்பட்டிருப்பதால் சூடு சரியாகத் தெரியாமல் தொண்டையைச் சுட்டுக்கொள்ள நேரிடும். ஆகவே முதற்சில வாரங்களுக்கு முதல் மிடறை உதட்டில் வைத்துப் பார்த்து விழுங்குங்கள்.

தேசிக்காய்த் தண்ணீரும் கோலா வகைச் சோடாக்களும் வேறு வகை, அவற்றில் சிக்கல் அமிலம். இயற்கைப் பல்லின் மிளிரி ஏறத்தாழ 5.5 என்ற பி.எச். பெறுமானத்துக்கு (அமிலத்தன்மையின் அளவு, குறையக் குறைய அமிலம் கூடும்) கீழே கரையத் தொடங்கும். கோலாவின் பெறுமானம் ஏறக்குறைய 2.5. அக்கிரிலிக் அவ்வாறு கரைவதில்லை. எனவே நான்கைந்து பொய்ப்பற்களை மட்டும் கட்டியிருப்பவர் கவலைப்பட வேண்டியது கம்பி பிடித்திருக்கும் சொந்தப் பற்களைப் பற்றியே. அவை விழுந்தால் தட்டுக்குப் பிடிமானமும் இல்லை. பனங்கட்டியும் சீனியும் அவ்வாறே பொய்ப்பல்லை அரிப்பதில்லை. ஆனால் தட்டின் அடியில் தங்கும் இனிப்பு பூஞ்சணத்துக்கு உணவாகி, அண்ணத்தைச் சிவந்து புண்ணாகச் செய்யும்.

மதுசாரம் அக்கிரிலிக்கினுள் ஊறி, நாளடைவில் நுண்ணிய வெடிப்புகளை ஏற்படுத்தக்கூடியது. கள்ளை விடச் சாராயத்தில் அது அதிகம். மதுசாரம் கலந்த வாய் கொப்பளிக்கும் திரவத்தில் பல்லை ஊறவைப்பதும் இதே காரணத்தால் தவறு.

நான்காம் படி: இரவில் கழற்றி நீரில் வையுங்கள். அக்கிரிலிக் தன் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம் வரை நீரை உறிஞ்சி வைத்திருக்கும். சித்திரை வெயிலில் யன்னல் கட்டையில் காயவிட்டால் அந்த நீர் வெளியேறிச் சுருங்கும். வன்னியின் பல கிணறுகளில் நீர் வன்மையானது என்பதைக் கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படையே காட்டும். அந்தப் படை பல்லிலும் ஏறிச் சொரசொரப்பாகி, தேநீர்ச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். கொதித்தாறிய நீரை அடிமண்டி கலங்காமல் வடித்து ஊற்றினால் படிவு குறையும். மூடியுள்ள ஏனத்தில் வைத்து, நீரைத் தினமும் மாற்றுங்கள். ஏற்கெனவே படிந்துவிட்டால், வெள்ளை வினாகிரியும் நீரும் சம அளவில் கலந்து அரை மணித்தியாலம் ஊறவிட்டு, மெதுவாகத் துலக்கி, நன்றாக அலசலாம். உலோகத் தட்டு உள்ளவர்கள் பல் வைத்தியரிடம் கேட்ட பிறகே இதைச் செய்ய வேண்டும்.

கறை இதற்கும் போகாவிட்டால் சுரண்ட வேண்டாம். பல் வைத்தியரிடம் கொடுத்தால் மேற்பரப்பை மெருகேற்றித் தருவார்கள். தட்டில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தாலும், பேசும்போது தட்டு ஆடினாலும், வீட்டுப் பசையால் ஒட்டாமல் ஈரத்துணியில் சுற்றி, மூடியுள்ள பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லுங்கள்.