வெள்ளம் வந்தால் மழை பெய்ததா? அனுமானத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆற்றில் வெள்ளம் வந்தால் மேற்கே மழை என்று சொல்லிவிடுகிறோம். 'மணிமேகலை' காப்பியத்தில், வஞ்சி நகரில் மணிமேகலைக்கு அளவைகளை, அதாவது அறிவு பெறும் வழிகளை, விளக்கும் வைதிகவாதி (வேத நெறியாளன்), விளைவைக் கண்டு காரணத்தைச் சொல்லும் இவ்வகை அனுமானத்தை 'எச்சம்' என்கிறான். கருக்கொண்ட முகிலைக் கண்டு மழை வரும் என்பது 'முதல்'. காட்டில் பிளிறல் கேட்டு யானை இருக்கிறது என்பது 'பொது'.

நாம் அதிகம் சறுக்குவது எச்சத்தில்தான். ஒரே விளைவுக்குக் காரணங்கள் பல இருக்கலாம் என்பது மறந்துவிடுகிறது. ஜூன் மாதம் மேட்டூர் மதகுகளைத் திறந்தால், ஒரு தூறல்கூட இல்லாமல் காவிரியில் தண்ணீர் புரண்டு வரும். (அதுவும் என்றோ குடகில் பெய்த மழைதானே என்பது குதர்க்கம்.) பழைய வடமொழித் தருக்க நூலான நியாய சூத்திரமே இந்த ஆட்சேபத்தை எழுப்புகிறது: ஆறு பெருகியது தடுப்பினால் இருக்கலாம், எறும்புகள் முட்டையோடு கிளம்பியது மழை வரப்போவதால் அல்லாமல் புற்று கலைந்ததால் இருக்கலாம், மயில் குரல் யாரோ எழுப்பிய போலியாக இருக்கலாம். உரைகாரர் வாத்ஸ்யாயனரின் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. நீர் உயர்ந்ததை மட்டும் பார்த்தால் போதாது. அதன் வேகம், நுரை, அடித்து வரும் இலை, பழம், கட்டை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்கிறார்.

அடுத்தது, விதியைத் திருப்பிப் போடுவது. புகை இருந்தால் நெருப்பு உண்டு. நெருப்பு இருந்தால் புகை உண்டா? பழுக்கக் காய்ச்சிய இரும்பில் புகை ஏது? புகைக்கு ஈர விறகு வேண்டும். தருக்க நூலார் அந்த ஈர விறகை 'உபாதி' என்பார்கள். பேச்சில் சொல்லாமல் விடுபட்ட நிபந்தனை அது. "நன்றாகப் படித்தால் வேலை கிடைக்கும்" என்று அடித்துப் பேசுகிறவரிடம், ஈர விறகு எது என்று கேட்டுப் பாருங்கள்.

கண்டதை வைத்துக் காணாததையும் முடிவு கட்டுவது இன்னொன்று. அன்னம் என்றால் வெள்ளைதான் என்று ஐரோப்பியர் நம்பிக்கொண்டிருந்தார்கள், 1697-இல் டச்சு மாலுமிகள் மேற்கு ஆஸ்திரேலியாவில் கறுப்பு அன்னங்களைக் காணும்வரை.

வடிவம் பழுதில்லாமல் இருந்தும் தொடக்கமே பொய்யாக இருப்பதும் உண்டு: வெளுத்ததெல்லாம் பால், சுண்ணாம்புத் தண்ணீர் வெளுத்திருக்கிறது, ஆகவே அது பால்.

வைதிகவாதி அடுக்கும் எட்டுப் பிழைகளில் 'ஐயம்' ஒன்று. தூரத்தில் நிற்பது தறியோ (நட்ட கம்பமோ) மகனோ (மனிதனோ) என்று மயங்குவது. 'தேராது தெளிதல்' இன்னொன்று. ஆராயாமல் அந்தத் தறியை மனிதன் என்றே முடிவு செய்வது. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்ததில் எனக்கு உடன்பாடில்லை. ஐயப்பட்டவன் கிட்டே போய்ப் பார்ப்பான். தெளிந்துவிட்டவன் அங்கேயே நின்று தறியைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பான்.