ஜவுளிக்கடைக்காரர்கள் சறுக்கும் இடங்கள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடி, கடலாடி பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்பிள்ளைகள் திண்டுக்கல், கோவை, திருப்பூர் மில்களுக்கு வேலைக்குப் போவது புதிய செய்தி இல்லை. மழை பொய்த்தால் ஏஜெண்ட் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார். அங்கே அவர்கள் நூற்ற நூல் நைட்டியாகவும் டீ சர்ட்டாகவும் கீழக்கரைக் கடைவீதிக்கே திரும்பி வரலாம். யாரையும் கசக்கிப் பிழியாமல் செய்த துணியைத்தான் விற்பேன் என்று ஒரு கடைக்காரர் நினைத்தால், தனியாளாக முடியாது. தையல் யூனிட், மில், தொழிற்சங்கம், மற்ற கடைக்காரர்கள் என்று பலரோடும் சேர வேண்டும். அந்தச் சேர்க்கையில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

முதல் சறுக்கல், சான்றிதழை நம்பி உட்கார்ந்துவிடுவது. 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆலை எரிந்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு, தொழிலாளர் நிலைமை சரியாக இருக்கிறது என்று காட்டும் எஸ்.ஏ.8000 சான்றிதழ் கிடைத்திருந்தது. ஆடிட் தேதி முன்கூட்டியே தெரிந்து, சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றால் எந்தப் பெண் வாய் திறப்பாள்? அடுத்த ஆண்டு வங்கதேசத்தில் தையல் ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்த பிறகு வந்த பாதுகாப்பு ஒப்பந்தம் வேறு மாதிரி. 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தொழிற்சங்கங்களோடு சமமாகக் கையெழுத்துப் போட்டன. அது சட்டப்படி கட்டுப்படுத்தும். ஆய்வு அறிக்கைகளும் பொதுவில் வந்தன.

அப்புறம், தையல் யூனிட்டை மட்டும் விசாரித்துவிட்டு நின்றுவிடுவது. நூல் எந்த மில்லில் வந்தது என்று கேட்பவர் குறைவு. மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டிய 'சுமங்கலித் திட்டம்' நடந்தது நூற்பாலைகளில்தான். இடையில் உடம்பு முடியாமல் திரும்பினால் அந்தப் பணம் பெரும்பாலும் போச்சு.

தொழிலாளிகளை வெளியே உட்காரவைத்துவிட்டு முதலாளிகளும் பிராண்டுகளும் பேசி முடிப்பது இன்னொரு தவறு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்து ஆலை ஒன்றின் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். அதன் பிறகு, பாலியல் தொல்லையைத் தடுக்க 2022இல் உருவான திண்டுக்கல் ஒப்பந்தத்தில் பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கமும் ஒரு தரப்பு. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச் என்ற வெளிநாட்டு ஆடை நிறுவனங்களும் கட்டுப்பட்டன. மில்லில் புகார்ப்பெட்டி தொங்குகிறதே என்பார்கள். அது சூப்பர்வைசர் மேஜைக்கு நேர் எதிரே தொங்கினால் சீட்டு போட யார் போவார்? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகாருக்கு உள்புகார்க் குழு வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் கெடுப்பது விலை. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகுக்காரர் கரைக்கு வந்து இறாலுக்கு விலை பேச முடியுமா? வியாபாரி சொன்னதுதான் ரேட். கூலிக்குத் தைத்துக்கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டின் கதையும் அதேதான். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஆர்டரை இரண்டு மடங்காக்கி, கலரை மாற்றி, பீசுக்கு ரெண்டு ரூபாய் குறைத்து, பணத்தை 90 நாள் கழித்துத் தருகிற கடைக்காரர், "ராத்திரி வேலை வாங்காதீர்கள்" என்று கடிதம் எழுதி என்ன பயன்? ராத்திரி வேலையை உண்டாக்கியதே அவர்தான். பரமக்குடி, எமனேசுவரம் தறிக்காரர்களிடம் துணி எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். நாலு கடைகள் சேர்ந்து ஆறு மாத ஆர்டரை முன்கூட்டியே சொல்லி, பணத்தைத் தேதிக்குத் தந்தாலே பாதிப் பிரச்சினை குறையும்.

தப்பு தெரிந்ததும் ஆர்டரை வெட்டிவிடுவதும் வேண்டாம். முதலில் வேலை போவது புகார் சொன்ன பிள்ளைக்குத்தான். கெடு வைத்துத் திருத்தச் சொல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால் விலகலாம்.

சரி, உண்மை நிலவரம் எப்படித் தெரியும்? பொங்கலுக்கு மில் பிள்ளைகள் ஊருக்கு வருவார்கள். ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டிப்புச் சம்பளம் வருகிறதா, ஹாஸ்டலை விட்டு வெளியே போக விடுகிறார்களா என்று அவர்களிடம் கேளுங்கள். சொன்னவர் பெயரை மட்டும் மில்லில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.