மருந்தடிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்: மலைநாட்டு வீட்டுத் தோட்டத்துக்குப் பூச்சிக் கட்டுப்பாடு

கோவா (முட்டைக்கோஸ்) இலையில் ஓட்டை விழுந்தால் கடைக்கு ஓடிப்போய் ஒரு போத்தல் மருந்து வாங்கி வருவது நம் பக்கத்து வழக்கம். லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி வைத்திருப்பவருக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. கண்டபடி அடித்தால் பூச்சியைத் தின்னும் பொறிவண்டும் சேர்ந்து செத்துப்போகும்.

படி 1: ஆளை அடையாளம் காணுங்கள்

காலையில் பெரட்டுக்குப் போகும் முன் இலைகளைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். கோவாவிலோ நோக்கோலிலோ இலைத்தோல் மட்டும் மிஞ்சிய திட்டுகளும் சின்ன ஓட்டைகளும் இருந்தால் வைரமுதுகுப் பூச்சியின் புழு. வெளிர்பச்சையாக இருக்கும், தொட்டவுடன் துடிதுடித்து நூல் விட்டுத் தொங்கும். குருத்தில் சாம்பல் தூவினாற்போல் அப்பிக்கிடப்பது அழுக்கணவன், அதாவது அசுவினி. நேற்று நின்ற நாற்று இன்று அடியில் அறுந்து கிடக்கிறதா? வெட்டுப்புழு.

படி 2: கையால் முடிவதைக் கையால் முடியுங்கள்

வெட்டுப்புழு பகலில் மண்ணுக்குள் சுருண்டிருக்கும். விழுந்த நாற்றைச் சுற்றி விரலால் கிளறினால் அகப்படும். இரவில் டோர்ச் அடித்தும் பிடிக்கலாம். புதிய நாற்றுகளைச் சுற்றிக் கடதாசி மட்டையால் வளையம் செய்து, இரண்டு விரற்கடை மண்ணுக்குள் போகும்படி செருகிவிடுங்கள். கோவாப் புழுவையும் முட்டைகளையும் நசுக்கிவிடுங்கள். அருவருப்பாக இருந்தால் சவர்க்காரத் தண்ணீரில் போடலாம்.

படி 3: சவர்க்காரத் தண்ணீர்

அழுக்கணவனுக்கு இதுவே போதும். ஒரு லீட்டர் தண்ணீருக்குத் திரவ சவர்க்காரம் ஒரு தேக்கரண்டி. உடுப்புத் தோய்க்கும் பவுடர் வேண்டாம், இலை கருகும். முதலில் ஒரு இலையில் அடித்து மறுநாள் பாருங்கள். பூச்சி மேல் பட்டால்தான் வேலை செய்யும், காய்ந்தபின் பலனில்லை. அதனால் அடிப்பக்கம் நனைய வேண்டும். பின்னேரத்தில், மழை வராத நாளாகப் பார்த்து அடியுங்கள். நுவரெலியாப் பக்கம் அப்படியொரு நாள் கிடைப்பதே பெரிய விஷயம்!

படி 4: வேப்பங்கொட்டைச் சாறு

மேல்மலைக் குளிரில் வேம்பு நன்றாக வளராது. வவுனியா, யாழ்ப்பாணப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் காய்ந்த கொட்டை கேட்டு வாங்குங்கள். உள்பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லீட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் சேருங்கள். கோவா இலை மெழுகுப்பிடிப்பானது. சவர்க்காரம் இல்லாவிட்டால் தண்ணீர் உருண்டோடிவிடும். வடித்த அன்றே பின்னேரம் அடியுங்கள், வெயில் பட்டால் வீரியம் குறையும். புழு உடனே சாகாது. தின்பதை நிறுத்தி, சில நாளில்தான் ஒழியும்.

படி 5: போஞ்சிக்குத் தனிக் கவனம்

முளைத்த முதல் சில வாரங்களில் போஞ்சி ஈ இலையில் முட்டையிடும். புழு தண்டுக்குள் இறங்கி அடியில் அரிக்கும். அடித்தண்டு வீங்கி வெடித்து, செடி மஞ்சளாகும். அந்நேரம் மேலே எதை அடித்தாலும் உள்ளே போன புழுவை எட்டுவது கஷ்டம். தண்டைச் சுற்றி மண் அணைத்தால் புதுவேர் விட்டுச் சில செடிகளாவது தப்பும். மோசமானதைப் பிடுங்கி எரித்துவிடுங்கள்.

கோவா வெட்டியபின் கட்டையைப் பாத்தியிலேயே விடாதீர்கள், புழு அதில் பெருகும். அடுத்த முறை அங்கே லீக்ஸோ கரட்டோ போடுங்கள். என்ன பூச்சி என்றே பிடிபடாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.